வெள்ளிக்கிழமை போன் எடுக்காத டிசைன் ஸ்டூடியோ

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காபித்தூள் கடைக்கு வருகிறவர்கள், இந்த ஸ்டூடியோ செய்து கொடுத்த புது லேபிளைப் பார்த்ததும் கேட்பது அதைத்தான். காபித்தூள் பாக்கெட்டுக்கு லேபிள், கேரி பேக், ரசீது புத்தகம், பெயர்ப்பலகைக்கு வரைபடம், எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அச்சுக்கூலி, பலகைக்கூலி தனி. எங்கள் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்தால் இதே வேலையை மூவாயிரத்துக்குள் முடித்துவிடலாம், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குள். அதனால் சல்லிசு என்று நினைத்து யாரும் கிளம்ப வேண்டாம். பாதி முன்பணம், மீதி கடைசி ஃபைல் கைக்கு வரும்போது.

ஸ்டூடியோவின் பெயரை இங்கே போடவில்லை, அவர்களே வேண்டாம் என்றார்கள். மொத்தமே இரண்டு பேர், அக்காவும் தம்பியும். கையில் இருக்கிற வேலையே பொங்கல் வரைக்கும் இழுக்குமாம். அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி ஏற்காடு ரோட்டில் போனால், கீழே ஜெராக்ஸ் கடை இருக்கிற ஒரு வீட்டின் மாடி. வாசலில் போர்டு கிடையாது. ஊருக்கெல்லாம் போர்டு வரைகிறவர்களுக்குத் தங்களுக்கு ஒன்று மாட்ட நேரமில்லை போலிருக்கிறது.

நான் லேபிளுக்காக அங்கே போகவில்லை. ஒரு நோட்டுக்காகப் போனேன். என் மகள் எங்கேயோ ஒரு கண்காட்சியில் வாங்கிக் கொடுத்த நோட்டு, வறுவல் கணக்கு எழுத வைத்திருந்தேன். அது தீர்ந்துபோனதும் இன்னொன்று வேண்டும் என்று தேடிக்கொண்டு போனதுதான். அதன் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஃப்செட் மெஷினில் புது வேலை ஏற்றும்போது மை சரியாக இறங்கி, கலர் பொருந்துகிறவரை தாளைச் சும்மா ஓட்டிப் பார்ப்பார்கள். நல்ல தாளை வீணாக்க மனசு வராது இல்லையா, ஏற்கெனவே கெட்ட தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். ஜவுளிக்கடை நோட்டீஸ் மேல் பள்ளிக்கூட அட்மிஷன் விளம்பரம், அதன் மேல் கோயில் திருவிழா போஸ்டர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். கடைசியில் எடைக்குப் போய்விடும். இவர்கள் அதை அச்சகங்களில் பொறுக்கி வந்து, பார்க்க நன்றாக இருக்கிற பகுதியாக வெட்டி, அட்டையாகப் போட்டுத் தைக்கிறார்கள். எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது. என்னுடையதில் ஆடி மாத மாரியம்மன் மூக்குத்திக்குப் பக்கத்தில் 'தள்ளுபடி' என்று பாதி தெரிகிறது.

உள்ளே 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், நடுவில் பின் அடிக்காமல் நூலால் தைத்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசையில் படிந்து கிடக்கும். ஒரு கை தூளிலும் ஒரு கை பேனாவிலும் இருக்கிற எனக்கு இது பெரிய வசதி. ஜெல் பேனாவுக்கு நன்றாக இருக்கிறது, மை பேனா லேசாக ஊறுகிறது. கோடு போடாத தாள், கணக்கு எழுத அது ஒரு குறைதான். 180 ரூபாய் என்பதும் கணக்கு நோட்டுக்கு அதிகம். எங்கள் வீட்டுக்காரர் இன்னமும் அதை 'அந்த நகை நோட்டு' என்றுதான் சொல்கிறார்.

மாடிக்குப் போனபோது எனக்கு முதலில் பட்டது வேறு. ஆஸ்பத்திரி நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கொலுசுப் பட்டறை கேட்லாக், ஜவ்வரிசி மூட்டைக்கு மேல் அடிக்கிற டிசைன் என்று வயிற்றுப்பாட்டுக்கு எல்லாமே செய்கிறார்கள். ஆனால் சுவரில் அதில் ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்க யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், தங்களுக்காகச் செய்தவை. வாரத்தில் வெள்ளிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் போன் எடுக்க மாட்டார்கள், ஃபைல் அனுப்ப மாட்டார்கள், கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டால்கூடச் சனிக்கிழமைதான் பதில். வாடிக்கையாளராக எனக்கு அது எரிச்சல். ஆனால் இவர்களிடம் வேலை கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, மற்றவர்களுக்குச் செய்து கொடுத்ததைப் பார்ப்பதைவிட அந்த வெள்ளிக்கிழமைச் சரக்கைப் பார்ப்பதுதான் சரி. ஆஸ்பத்திரி நோட்டீஸில் இருப்பது பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்காரரின் ரசனை. இதில் இருப்பதுதான் இவர்களுடையது. விற்கவும் செய்கிறார்கள், ஆகவே வாங்கியவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

எழுத்து கார்டுகள். அந்த அக்கா எழுத்து வரைகிறவர். பெங்களூரில் செல்போன் ஆப்களுக்குத் திரை வரைந்துகொண்டிருந்தாராம், ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் காரியம் கேமராவை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியது. லீ பஜார் மண்டிகள், குகை என்கிற பகுதி, அம்மாபேட்டையில் தறிக்காரர்கள் வீதி, சங்ககிரி லாரிகளின் பின்பக்கம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் கையால் எழுதிய எழுத்து எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எழுத்தை மட்டும் பிரித்து வரைந்து கார்டாகப் போட்டிருக்கிறார். பழ மண்டியிலிருந்து 'ழ'. ஜவ்வரிசி வியாபாரி ஒருவரின் கதவிலிருந்து 'ஜ'. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அந்தக் கார்டின் பின்னால் ஒரு வரியில் போட்டிருக்கிறார். வெள்ளிப் பட்டறையிலிருந்து 'ள்'. ஏற்காடு ரோட்டில் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கும் ஒரு கார்டு உண்டு. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடத்தில் இப்போது மிஞ்சி நிற்பது அந்த வளைவு. அதை எழுத்து கார்டுக்குள் சேர்த்தது எனக்கு ஒட்டவில்லை, ஆனால் சேலத்துக்காரர்கள் அந்தக் கார்டைத்தான் முதலில் எடுக்கிறார்களாம்.

எனக்குப் பிடித்தது லாரி 'ரி'. பட்டை பிரஷ்ஷை வைத்து ஒரே மூச்சில் இறக்கி, கடைசியில் மேலே வளைத்துவிட்டிருக்கிறார் அந்தப் பெயின்டர். வளைவு முடிகிற இடத்தில் பெயின்ட் தீர்ந்துபோய், பிரஷ் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாகப் பிரிந்திருக்கிறது. வேறு யாராவது வரைந்திருந்தால் அதை வழித்துச் சுத்தமாக்கியிருப்பார்கள். இவர் அந்தக் கோடுகளை அப்படியே விட்டிருக்கிறார். எழுத்துக்கு அடியில் சுண்ணாம்பு நூல் அடித்த தடம்கூட மங்கலாக இருக்கிறது. கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தூரத்தில் தெரியாது.

ஆனால் பாருங்கள், போஸ்ட் கார்டு என்று பெயர், பின்பக்கம் எழுத முடியாது. இரண்டு பக்கமும் பளபளப்பு லேமினேஷன். பேனா வழுக்குகிறது, ஸ்டாம்ப் ஒட்டினால் உரிந்து வருகிறது. 250 ரூபாய் கொடுத்து வாங்கிய கார்டுக் கட்டை டிராயரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அக்காவிடம் சொன்னேன். "அடுத்த பிரிண்ட்ல பின்பக்கம் கோட்டிங் இல்லாத போர்டு போடறோம்க்கா" என்றார். அது வந்த பிறகு வாங்குங்கள்.

தட்டுவடை செட் புத்தகம். உள்ளங்கை அளவு, 120 ரூபாய். இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமென்றால்: கீழே ஒரு தட்டுவடை, அதாவது சின்னத் தட்டை, மேலே ஒரு தட்டுவடை, நடுவில் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். சேலத்தில் சாயங்காலம் தெருமுனையில் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றால் அநேகமாக இதற்காகத்தான். இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், உள்ளே தெரிகிற ட்ரேசிங் பேப்பரில் ஒரு தாளுக்கு ஒரு சாமான் மட்டும் அச்சடித்து, அடுக்கித் தைத்திருக்கிறார்கள். முதல் தாளில் வெறும் தட்டுவடை. அடுத்ததைப் புரட்டினால் அதன் மேல் பச்சைச் சட்னி விழுகிறது. அப்புறம் சிவப்பு. அப்புறம் பீட்ரூட் துருவல், அந்த ஊதாச் சிவப்பு அப்படியே வந்திருக்கிறது, சட்னியில் சாயம் இறங்குகிற ஓரம் உட்பட. கடைசித் தாளைப் போட்டதும் எல்லாம் மூடிக்கொண்டு ஒரு செட் தயார். எழுத்து என்று ஒரு வரிகூடக் கிடையாது. இவர்கள் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். வீட்டுக்கு வருகிற வெளியூர் விருந்தாளிகளுக்கு வெற்றிலைப் பாக்கோடு இதையும் வைத்துக் கொடுக்கிறேன். தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கலை விட்டுவிட்டார்களே என்று கேட்டதற்கு, "அது ரெண்டாம் பாகம்க்கா, நொறுக்கிப் போட்டா எப்படி அடுக்கறது, அதான் யோசிக்கறோம்" என்றார் தம்பி.

சேர்வராயன் மலை காலண்டர், 450 ரூபாய். இது ஆஃப்செட் இல்லை, கையால் போடுகிற ஸ்கிரீன் பிரிண்டிங். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு எத்தனையோ பேர் செய்கிறார்கள், நான் கிட்ட நின்று பார்த்தது இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "வேலை சொல்றதுக்குன்னா வேண்டாம், பார்க்கறதுக்குன்னா வாங்க" என்று கூப்பிட்டார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணி. படம் விழ வேண்டிய இடத்தில் மட்டும் துணியின் கண் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் கோட்டிங் அடைத்திருக்கும். அடியில் தாளை வைத்து, துணியின் மேல் ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் தம்பி ஒரே இழுப்பாக இழுக்கிறார். சட்டத்தைத் தூக்கினால் தாளும் துணியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் எழும்பி, சர்ரென்று பிரிந்து விழுகிறது. அக்கா அதை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து எடுத்துப்போய்க் கொடியில் கிளிப் மாட்டுகிறார். ரப்பர் பட்டையைப் பிடிக்கிற சாய்வு கொஞ்சம் மாறினாலும் மை கூடுதலாக இறங்கிவிடும் என்பதால் கடைசிவரை இழுப்பது தம்பி மட்டும்தான். அன்றைக்கு ஒரு கலர். அது காய்ந்த பிறகு அடுத்த கலர், அதே இடத்தில் விழுகிற மாதிரி. மேசை மூலையில் அட்டைத் துண்டு ஒட்டி, தாளை அதில் முட்டி வைக்கிறார்கள். என் காலண்டரில் டிசம்பர் தாளில் சிவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்து, காபிப் பழமெல்லாம் காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

காபி வியாபாரத்தில் இருப்பதால் படங்களைச் சோதித்துத்தான் பார்த்தேன். தப்பு இல்லை. கோடை மழை விழுந்து எட்டு, பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கிறது ஏப்ரலில் இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறுகிறது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. நவம்பரில் பழம் சிவந்து பறிப்பு தொடங்குகிறது, ஜனவரி வரைக்கும் போகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தவர் என்று பின் அட்டையில் ஒரு குறிப்பு இருக்கிறது, ஆனால் அவர் படம் எங்கேயும் இல்லை. ஜனவரித் தாளில் இருப்பது பறிக்கிற பெண்களின் கைகள். இடுப்பில் கட்டிய பை, நகக்கண்ணில் கறை, பழுத்ததை மட்டும் திருகி எடுத்துப் பச்சையை விட்டுவைக்கிற விரல். நான் மலையில் சரக்கு வாங்கப் போகும்போது பார்க்கிற கைகள் அவை.

ஜூன் தாள்தான் எல்லோரும் பேசுவது. கட்டம் கிடையாது, மலைப்பாதையே கட்டம். ஏற்காட்டுக்குப் போகிற 20 கொண்டை ஊசி வளைவில் முதல் 20 தேதி, மேலே போனதும் ஏரியைச் சுற்றி மீதிப் பத்து. பார்க்க அவ்வளவு அழகு. எந்தத் தேதி என்ன கிழமை என்று கண்டுபிடிப்பதற்குள் அந்த நாளே முடிந்துவிடும்.

இதுதான் காலண்டரின் குறை, சின்னக் குறை இல்லை. ராகு காலம் இல்லை, அமாவாசை பௌர்ணமி இல்லை, நல்ல நேரம் இல்லை. என் மாமியார் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல கிருத்திகை எங்க இருக்கு?" என்றார். இப்போது அதற்குக் கீழே எண்ணெய்க்கடையில் சும்மா கொடுத்த தினசரி காலண்டரும் தொங்குகிறது. வீட்டு வேலைக்கு அது, கண்ணுக்கு இது. மாட்டுகிற ஓட்டையில் வளையம் அடிக்காமல் விட்டதால் மேல் அட்டை வேறு கிழியத் தொடங்கிவிட்டது. கடையில் உள்ள கண்ணிவளையத்தை நானே அடித்துக்கொண்டேன்.

சரி, லேபிளுக்கு வருகிறேன். இதற்கு முன் வேறோர் இடத்தில் கேரி பேக் போட்டோம். 'காபிக்கொட்டை' என்பதில் 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மொத்தப் பையும் அப்படியே அச்சாகிவிட்டது, தீருகிறவரை அதிலேயே சரக்குப் போட்டுக் கொடுத்தோம். வாங்கிப் போன ஒரு தமிழ் வாத்தியார் மறுநாள் வந்து பையைத் திருப்பிக் கொடுத்தார், தூளை மட்டும் வைத்துக்கொண்டு. இது ஏன் நடக்கிறது என்று இந்த அக்காதான் சொன்னார். டிசைன் மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற 'கம்போசர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறதாம், அதைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். அதைத் தேர்ந்தெடுத்துச் சரியாக வந்த பிறகும் இவர்கள் நம்புவதில்லை. அச்சகத்துக்குப் போகிற ஃபைலில் எழுத்து எல்லாவற்றையும் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றிவிடுகிறார்கள். அச்சகக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து நகராது. கூடவே திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைலையும் கொடுத்தார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்கிற இடங்களை எனக்குத் தெரியும்.

வேலை தொடங்குவதற்கு முன் அந்த அக்கா காலையில் வறுவல் நேரத்துக்கு வந்து கடையில் உட்கார்ந்துகொண்டார். பச்சைக் கொட்டையிலிருந்து கறுக்கிறவரை நடுநடுவே நாலு நாலு கொட்டையாகக் கேட்டு வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. லேபிள் வந்தபோது பார்த்தால், எங்கள் காபி ரகங்களில் பீபெரிக்கு ஒரு பழுப்பு, பிளான்டேஷனுக்கு ஒரு பழுப்பு, கலவைக்கு ஒரு பழுப்பு, ஒவ்வொன்றும் அந்தந்த வறுவலின் நிறம். காலண்டருக்கு மையைக் கலந்து கலந்து பார்த்த கை அது.

சிக்கரிக்கு வந்தபோதுதான் வீட்டில் சண்டை. காபி சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டும் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் போடுகிறோம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இந்த அக்கா அதை முன்னால் கொண்டுவந்துவிட்டார். லேபிளின் அடியில் குறுக்காக ஒரு பட்டை. எங்கள் 80க்கு 20 கலவைக்கு அந்தப் பட்டையில் எண்பது பங்கு கருப்பழுப்பு, இருபது பங்கு வெளிர் நிறம். 70க்கு 30 என்றால் வெளிர் நிறம் அந்த அளவுக்கு நீள்கிறது. தனிக் காபிக்கு முழுப் பட்டையும் ஒரே நிறம். சட்டப்படி எழுத வேண்டிய வரி அதற்குள்ளேயே. "சிக்கரி போடறோம்னு நாமளே தமுக்கு அடிக்கணுமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். எனக்குப் பார்த்தவுடன் தட்டுவடைப் புத்தகம் ஞாபகம் வந்தது. இருக்கிறதை மறைக்காமல் அடுக்கிக் காட்டுவது, அதே கை, அதே புத்தி. நான் சரி என்றுவிட்டேன். இப்போது படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட, "அந்த வெள்ளப் பட்டை கம்மியா இருக்குமே, அதுல கால் கிலோ குடு கண்ணு" என்று கேட்டு வாங்குகிறார்கள்.

பெயர்ப்பலகைக் கதை இன்னும் நீளம். பரணில் மாமனார் காலத்துத் தகரப் பலகை ஒன்று கிடந்தது. 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் எழுதியது, 'விற்பனை நிலையம்' என்பதில் னையும் லையும் பழைய துதிக்கை வடிவத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் அந்த அக்காவுக்கு வந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுப் பலகையிலும் அப்படியே போடலாம் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று நான் மறுத்தேன். கடைசியில் பலகையில் இன்றைய எழுத்து, லேபிளின் மூலையில் ரூபாய் நாணய அளவில் பழைய பலகையின் சின்ன நகல் என்று முடிந்தது. பலகையை ஃப்ளெக்ஸில் போட மாட்டோம் என்று குகையில் ஒரு வயதான பெயின்டரைப் பிடித்து வந்தார்கள். அவர் இவர்கள் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, 'பி'யின் கொக்கியை மட்டும் தன் இஷ்டத்துக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக வளைத்துவிட்டார். அக்கா கீழே நின்று பார்த்துவிட்டு, "ஐயா பண்ணதுதான் சரி" என்று தன் ஃபைலை மாற்றிக்கொண்டார்.

பிடிவாதமும் உண்டு. ஆவி பறக்கிற டம்ளர் படம் வேண்டும் என்று கேட்டேன், முடியவே முடியாது என்றார்கள். மகாலட்சுமி படம் கேட்டதற்கு ரசீது புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டுத் தந்தார்கள், அதோடு சரி. விலை, எடை, தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு உரிம எண் எல்லாவற்றையும் முதல் வரைவில் எறும்பு எழுத்தில் ஒரு ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது கண்ணு, இன்ஸ்பெக்டர் வந்தால் உன் அழகைப் பார்க்க மாட்டார் என்று சொல்லித் திருத்த வைத்தேன். இந்த மாதிரி நடைமுறையை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு அதில் ஆர்வம் குறைவு.

பாக்கெட்டையே அச்சடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு வேண்டாம் என்று தடுத்தது நல்ல யோசனை. கவரில் நேரடியாக அடிக்க, ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும், அதற்கே பெரிய தொகை போகும். எங்கள் அளவு வியாபாரத்துக்கு ஸ்டிக்கர் போதும் என்றார்கள். பழுப்புக் காகித பவுச், அதில் காற்று வெளியே மட்டும் போகிற வால்வு. வறுத்த கொட்டை சில நாள் வாயு விட்டுக்கொண்டே இருக்கும், அது போக வழியில்லை என்றால் கவர் உப்பிக்கொள்ளும். ஸ்டிக்கரை அந்த வால்வுக்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறார்கள்.

இப்போது தாமதம். ஆடிப்பெருக்குக்குத் தருவதாகச் சொன்ன லேபிள் விநாயகர் சதுர்த்தி தாண்டித்தான் வந்தது. நடுவில் காலண்டருக்கு மை வந்துவிட்டது, அது கெட்டுப்போவதற்குள் அடிக்க வேண்டும் என்று ஒரு வாரம் போனது. அந்தக் காலண்டரை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பதால் வாய் திறந்து திட்டவும் முடியவில்லை. பில் கேட்காமல் வராது. வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்குப் பதிலாகப் படம் வரும், வார்த்தை வராது. கடை திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு, பத்திரிகை அடிக்க ஓடுகிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். டி.டி.பி. சென்டர்தான் உங்களுக்கு. ஒன்றிரண்டு மாதம் பொறுக்க முடியும், வீட்டில் பழைய பலகையோ பழைய ரசீதோ ஏதாவது கிடக்கிறது என்றால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். வேலை அங்கிருந்து தொடங்கினால் அவர்களுக்குக் கை தானாக ஓடுகிறது.

அவர்கள் அடுத்து செய்துகொண்டிருப்பது அந்தக் காலத்தில் அச்சுக் கோத்த ஈயத் தமிழ் எழுத்து. மூடிவிட்ட ட்ரெடில் (மிதி மெஷின்) அச்சகம் ஒன்றில், எடைக்குப் போகவிருந்த எழுத்துப் பெட்டிகளை வாங்கி வந்து ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கால் தனி, ஒற்றைக்கொம்பு தனி, இரட்டைக்கொம்பு தனி என்று அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கிற அந்த மரப்பெட்டியைக் கேட்டால் காட்டுவார்கள். அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். விலைக்கு இல்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தட்டுவடைப் புத்தகம் இப்போது கையிருப்பு இல்லை, சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். காலண்டர் நவம்பர் கடைசியில் வரும், அளவாகத்தான் அடிப்பார்கள். ஞாயிறு விடுமுறை. வண்டி நிறுத்த இடமில்லை, எதிர்ச் சந்தில் விட்டுவிட்டு வர வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டு வலி இருக்கிறவர்கள் ஜெராக்ஸ் கடையில் சொன்னால் அவர்களே இறங்கி வருகிறார்கள்.